ஐந்தில் வளையட்டும்

பிள்ளைகளின் படிப்பில் அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றத்துக்கு இருக்கிற அக்கறை லேசுப்பட்டதல்ல. 2025-26 கல்வியாண்டு முதல் அங்கே அரசுப் பள்ளிகளில் துப்பாக்கிப் பாதுகாப்பு கட்டாயப் பாடம். மழலையர் வகுப்பிலேயே, அதாவது ஐந்து வயதிலேயே, ஆரம்பம். ஷூ லேஸ் கட்டத் தெரியாத குழந்தைக்கு விசை எது, குழல் எது, குண்டு வெளியேறும் வாய் எது என்று சொல்லித்தர வேண்டும். ஸ்டிக்கர் உண்டு, விளையாட்டு உண்டு, வினாடி வினாவும் உண்டு. துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, சட்டென்று அங்கிருந்து போய்விடு, பெரியவரிடம் சொல். பாடம் இவ்வளவுதான்.

பாடத்தில் பிழையில்லை. மேசை டிராயரில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி கிடக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவதுதான் பாவம். ஆனால் அதை அந்த டிராயரில் போட்டு வைத்த மகராசனுக்கு என்ன பாடம்? ஒன்றுமில்லை. 2021 வரை கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிய அனுமதி வேண்டும், அதற்குப் பயிற்சியும் வேண்டும். அந்த ஆண்டு ஆளுநர் பில் லீ அந்தத் தொல்லையை நீக்கினார். சட்டத்துக்குக் கையெழுத்திடும் விழாவை எங்கே வைத்தார் தெரியுமா? கேலட்டின் நகரில் உள்ள பெரெட்டா துப்பாக்கித் தொழிற்சாலையில். மாப்பிள்ளை வீட்டிலேயே நிச்சயதார்த்தம்.

ஆக இன்றைய நிலவரம் இது: டென்னசியில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக 21 வயதுக்காரர் எந்த வகுப்பிலும் உட்கார வேண்டியதில்லை. துப்பாக்கியைத் தொடாமல் இருக்க ஐந்து வயதுக்காரர் ஆண்டுதோறும் உட்கார வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதை இவ்வளவு நேர்மையாக நம்பிய அரசு வேறில்லை. ஐம்பதை வளைக்கும் முயற்சியையே கைவிட்டுவிட்டார்கள்.

முயன்றவர்களுக்கு நேர்ந்ததும் தெரிந்ததுதான். 2023 மார்ச் 27 அன்று நாஷ்வில்லின் கவனண்ட் பள்ளியில் ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகள் கீழே கிடந்த எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. நான்கு கட்டளைகளையும் மனப்பாடமாக ஒப்பித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. துப்பாக்கிதான் அவர்களைத் தேடி வந்தது, அதுவும் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கி. சட்டமன்றத்துக்குள் நின்று துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டுக் குரல் எழுப்பிய ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு உறுப்பினர்களை அவை பத்தே நாளில் வெளியேற்றியது. கண்ணியக் குறைவாம். ஆகஸ்டில் சிறப்புக் கூட்டத்தொடர் கூடியது. பார்வையாளர் மாடத்தில் காகித அட்டை பிடிக்கத் தடை போட்டார்கள். நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. காகிதம் என்றால் அவ்வளவு பயம்! துப்பாக்கிப் பூட்டு இலவசம், பெட்டகத்துக்கு வரி இல்லை என்று சில சலுகைகளை அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள். பூட்டித்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வரவில்லை. பூட்டுவது பெரியவரின் சுதந்திரம். விலகி ஓடுவது குழந்தையின் கடமை.

குழந்தை ஓடுமா என்பது அடுத்த கேள்வி. 2001இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரையிலான 64 சிறுவர்களை, நிஜத் துப்பாக்கி ஒன்றை ஒளித்து வைத்த அறையில் சிறு குழுக்களாக விட்டுப் பார்த்தார்கள். பலர் அதைக் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையையே இழுத்தார்கள். எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏதோ ஒரு வகையில் அறிவுரை கேட்டவர்கள். சிறுவர்கள் சிறுவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அறிவியல் சொல்லி இருபத்தைந்து வருஷமாகப் போகிறது. 2020 முதல் அமெரிக்கப் பிள்ளைகளும் பதின்வயதினரும் சாவதற்கான காரணங்களில் கார் விபத்தை முந்திக்கொண்டு துப்பாக்கி முதலிடத்தில் இருக்கிறது. அதற்கு விடை ஸ்டிக்கர்.

இந்தப் பாடம் அரசியல் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் இன்னொரு கண்டிப்பு. “டீச்சர், எங்க வீட்டுல எதுக்கு இத்தனை துப்பாக்கி?” என்று ஒரு வாண்டு கேட்டால் ஆசிரியை நடுநிலையோடு ஜன்னலைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. டென்னசியில் பிள்ளைகளின் மனம் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை பெரிது. இதே மாநிலத்து மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் 2022 ஜனவரியில், யூதப் படுகொலையைச் சொல்லும் ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’ சித்திரக்கதையை எட்டாம் வகுப்பிலிருந்து தூக்கியது. சில கெட்ட வார்த்தைகளாம், ஆடையில்லாத ஒரு சின்னப் படமாம். பதின்மூன்று வயதுக்கு அது தாங்காது. ஐந்து வயதுக்குத் துப்பாக்கியின் உறுப்பிலக்கணம் தாங்கும்.

பெரியவர்கள் சும்மா இல்லை, கருவி வாங்குகிறார்கள். நாஷ்வில்லின் அந்தியோக் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கியை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா இருந்தது. 2025 ஜனவரியில் பதினேழு வயது மாணவன் ஒருவன் அங்கே உணவுக்கூடத்தில் பதினாறு வயது மாணவியைச் சுட்டுக் கொன்றான். கேமரா அந்தத் துப்பாக்கியைக் கண்டுகொள்ளவில்லை. மாநிலத்தின் சட்டமன்றமும் அப்படித்தான்.

கடைசிக் கட்டளைக்கு வருவோம்: பெரியவரிடம் சொல். எந்தப் பெரியவரிடம்? 2024இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். உரிய ஒப்புதலும் பயிற்சியும் பெற்ற ஆசிரியர், பள்ளிக்குள்ளேயே துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாம். யாரிடம் இருக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லக் கூடாது, சக ஆசிரியர்களுக்கும் சொல்லக் கூடாது. ஒரு மதியம் டீச்சர் குனியும்போது மேல்சட்டை விலகி, பாடத்தில் படித்த அதே பொருள் ஒரு குழந்தையின் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். அது நிற்கும். தொடாது. கதவுப் பக்கம் ஓடும். ஓடுகிற பிள்ளையை டீச்சரே பிடித்து நிறுத்தி, ‘இது ரகசியம்’ என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரி.