புண்ணியக் கணக்கு இல்லாத சேவை: வாசகர் கேள்விகள்

(பண்பொழி, தென்காசி வட்டார வாசகர்கள் கேட்டவை)

எங்கள் ஊரில் திருமலை முருகன்தான் எல்லாம். லுத்தரன் சபைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கூடத் தொடர்பு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்ற பிரஷ்யர். உங்கள் தென்காசியும் சேர்ந்திருந்த அன்றைய நெல்லை ஜில்லாவில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார். டோனாவூர் என்ற பெயரே அவருக்குப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர்தான். குருப்பட்ட விஷயத்தில் தன்னை அனுப்பிய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தோடு மோதி 1835இல் விலக்கப்பட்டார். நெல்லை ஜில்லாவின் சபை லுத்தரன் சபையாகாமல் போனதில் அதற்கும் பங்குண்டு.

சிறுவயது வளர்ப்பு ஒருவரை அவ்வளவு மாற்றுமா?

தஞ்சையில் ஊழியம் செய்த லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைப் பாருங்கள். 1726இல் பிறந்தவர். தாய் சாகும்போதே பிள்ளையை இறைப்பணிக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டார். பிறகு ஹாலே நகரில் படிப்பு. பிராங்கே என்ற லுத்தரன் போதகர் அங்கே அநாதை இல்லம், பள்ளி, மருந்துக்கூடம், அச்சகம் நான்கையும் முன்பே ஒன்றாக நிறுவியிருந்தார். ஜெபம் முடிந்ததும் வேலை என்பதைக் கண்ணால் பார்த்து வளர்கிற பிள்ளைக்குச் சேவையைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் எதற்கு? அதே ஹாலேயின் வார்ப்பான மிஷனரி சீகன்பால்க், சுவார்ட்ஸுக்கு முன்பே 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது.

சேவை செய்வது சொர்க்கத்தில் இடம் பிடிக்கத்தானே?

இந்த மரபின் மூலவர் மார்ட்டின் லுத்தர் மறுத்ததே அதைத்தான். நற்செயலால் மோட்சத்தை வாங்க முடியாது, அது கிருபையால் வருவது என்றார். அப்படியானால் சேவை எதற்கு? அடுத்தவனுக்குத் தேவை இருப்பதால். வேறு காரணம் வேண்டாம். புண்ணியக் கணக்கு இல்லாதபோது, உதவி பெறுகிறவன் நமக்குப் படிக்கட்டு ஆவதில்லை. என் மனதை இந்த மரபின்பால் இழுத்தது இந்த ஒரு கருத்துதான். சுவார்ட்ஸின் வாழ்விலேயே இதைப் பார்க்கலாம். ஹைதர் அலி படையெடுப்பில் தஞ்சை பட்டினி கிடந்தது. முன்பு கூலி கிடைக்காத கசப்பில், கோட்டைக்கு நெல் ஏற்றிவர யாரும் மாடு தரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்றார் சுவார்ட்ஸ். அந்த ஒரு சொல்லை நம்பி மாடுகள் வந்தன, கோட்டைக்கு நெல்லும் வந்தது.

மதம் மாற்றத்தானே வந்தார்கள்?

ஆம், அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் தஞ்சை மன்னர் துளஜா 1787இல் சாகும் முன் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்த தத்துப்பிள்ளை சரபோஜி, கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். சுவார்ட்ஸ் அவரது அரியணை உரிமைக்காகப் போராடி, அது கிடைக்கும் முன்பே 1798 பிப்ரவரியில் காலமானார். அவருக்குச் சரபோஜி எழுப்பிய பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம்.

கிறிஸ்தவரானவர்கள் சாதியை விட்டார்களா?

விடவில்லை. 1833இல் சபைக்குள் சாதிப் பிரிவினை கூடாது என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் உத்தரவிட்டதும், தஞ்சையில் பலர் வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் இளக்கம் காட்டிய லுத்தரன் மிஷனில் பின்னாளில் சேர்ந்தவர்களும் உண்டு. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். தேவ கிருபை எல்லாருக்கும் சமம் என்று போதித்துவிட்டு, உட்காரும் இடத்தைப் பிரித்தது பெரும் குற்றம்.

நான் கிறிஸ்தவரல்ல. என் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன தரலாம்?

பிள்ளை பார்க்கும்படி நீங்கள் வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் குழந்தை ஒன்று நிச்சயம் இருக்கும். இன்று மாலை அதைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுங்கள்.