பெண்பிள்ளை வீடு, ஆண்பிள்ளைச் சட்டம்

இலங்கையின் கிழக்கே, சித்தாண்டிப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். தாய் தகப்பன் அதே வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள்.

அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிக்கு இந்த வழக்கம் தெரியாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசைப் பெயரிடாமல் கண்மூடியவரின் காணியை, வாழ்க்கைத் துணைக்குப் பிறகு மூத்த மகனிடம் கொடுத்தது. அவரோ மாமியார் வளவில் குந்தியிருப்பார். தகப்பன் காணியில் வீடு கட்டிக் குடியிருக்கும் தங்கச்சிக்குக் கடதாசியில் இடமில்லை. இந்தப் பாகுபாட்டை எடுக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. 87 வருடம்தானே, என்ன அவசரம்!

இப்படியான காணியைக் கைமாற்றுவதென்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகவே யாரும் விற்பதில்லை. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, ‘பார்த்துக்கொள்ள’க் கொடுக்கிறார்கள். பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்பார்கள் சந்திக்கடைச் சட்டத்தரணிகள். அப்படி உரிமை தரும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காணிக்கு. அரச காணியில் அந்தப் பருப்பு வேகாது. விலை கேட்டால் மட்டும் உறுதிக் காணியின் விலையைத்தான் சொல்கிறார்கள்.