பிஸ்கோத்து வாத்தியார்

ஏலே பேராண்டி, அந்தப் பட அட்டைக் கட்டை ஓரமா வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. ரெண்டு வயசுப் பிள்ளை 'ஆப்பிள்'னு சொன்னா ஒரு பிஸ்கோத்து, 'எலிபன்ட்'னு சொன்னா ரெண்டு. நல்ல ஏவாரம்தான். இதே ஏவாரத்தை அமெரிக்காவுல ஒரு சிம்பன்சிகிட்ட பண்ணிப் பாத்திருக்காவ, தெரியுமா?

நியூயார்க்குல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஹெர்பர்ட் டெரஸ்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர். 1973-ல பொறந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்து, காது கேளாதவங்க பேசுத சைகை மொழியைக் கத்துக்குடுத்தாரு. மொழி மனுசனுக்கு மட்டுந்தான்னு சாதிச்ச நோம் சாம்ஸ்கியைக் கிண்டல் பண்ணி, அதுக்கு நிம் சிம்ஸ்கினு பேரு. வாத்தியாருங்க மட்டும் மாத்தி மாத்தி அறுபது பேரு வரைக்கும் வந்தாவ. அதுவும் 125 சைகை படிச்சிது. ஒரே மூச்சுல 16 சைகையை அடுக்குச்சு. என்ன சொல்லுச்சுன்னு கேளு:

'தா ஆரஞ்சு எனக்கு தா தின்ன ஆரஞ்சு எனக்கு தின்ன ஆரஞ்சு தா எனக்கு தின்ன ஆரஞ்சு தா எனக்கு நீ.'

பந்தியில கடைசி வரிசையில உக்காந்திருக்க ஒம் பெரியப்பன்கூட இதைவிடக் கோர்வையா வடை கேப்பான்.

டெரஸ் மொதல்ல, குரங்கு வாக்கியம் பேசுதுன்னுதான் நம்புனாரு. பெறவு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தா, வாத்தியார் கை முன்னால போகுது, நிம் கை பின்னால வருது. சைகை நீளுதே ஒழிய, சேதி நீளல. 1979-ல 'சயின்ஸ்' பத்திரிகையில அவரே ஒடைச்சு எழுதிட்டாரு. தான் வளத்த பிள்ளைக்குத் தானே பெயில் போட நெஞ்சு வேணும்லே. நேத்து நீ 'எ...'ன்னு வாயைத் தொறந்து காட்டுன பெறவுதான பிள்ளை 'எலிபன்ட்'னுச்சு? நான் திண்ணையிலதான் இருந்தேன்.

அதுக்காகக் குரங்குன்னா இம்புட்டுத்தான்னு கணக்கை மூடிராத. அட்லாண்டாவுல மட்டாட்டானு ஒரு போனோபோ இருந்துச்சு, சிம்பன்சிக்குப் பங்காளி. சூ சாவேஜ் ரம்பாங்கிற அம்மா, பலகையில கோட்டுக் குறிகளை வச்சு, இதைத் தொட்டா இந்தப் பழம், அதைத் தொட்டா அந்த விளையாட்டுன்னு அதுக்குச் சொல்லிக்குடுத்தாவ. நாளு போச்சே ஒழிய மண்டையில ஏறல. அது எடுத்து வளத்த குட்டி கான்சி, 1980-ல பொறந்தது, பாடம் நடக்கும்போது அதும்மேல தொத்திக்கிட்டும் குறுக்க விழுந்துக்கிட்டும் கெடந்துச்சு. அதுக்கு யாரும் பாடம் எடுக்கல. மட்டாட்டாவைக் கொஞ்ச நாளு வேற எடத்துக்குக் கொண்டுபோனாவ. குட்டி தன்னால பலகைக்கு வந்து ஆப்பிள் குறியைத் தொட்டுச்சு, 'தொரத்து'ங்கற குறியைத் தொட்டுச்சு, ஒரு ஆப்பிளைத் தூக்கிக்கிட்டு ஓடியே போச்சு!

எட்டு வயசுல அதுகிட்ட 660 உத்தரவைச் சொல்லிப் பாத்தாவ. முன்பின் கேட்டிராத கோணங்கி உத்தரவெல்லாம் உண்டு. 72 சதவீதம் சரியாச் செஞ்சிது. கூடவே சோதிச்ச ரெண்டு வயசு மனுசப் பிள்ளை 66. (இதை ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத, அட்டை இன்னும் ரெண்டு கட்டு வந்துரும்.)

குறின்னா என்னன்னு கான்சிக்குத் தெரியும்னுதான் நான் சொல்லுவேன். ஆனா அதுவும் பலகையைத் தொட்டது பெரும்பாலும் 'அது வேணும், இது பண்ணு'ங்கதுக்குத்தான். 2025-ல, 44 வயசுல செத்துப்போச்சு. உக்காந்து ஊர்க்கதை பேசுத புத்தி அதுக்குக் கடைசி வரைக்கும் வரல.

நேத்து அந்தியில ஒம் மக என் வேட்டியைப் பிடிச்சு இழுத்து, கூரையைக் காட்டி, 'காக்கா போச்சு'ன்னா. பிஸ்கோத்து கேக்கல, தூக்கச் சொல்லல. சும்மா எனக்கு ஒரு சேதி சொன்னா. நீ அந்நேரம் உள்ள உக்காந்து அட்டைக்கு லேமினேசன் ஒட்டிக்கிட்டு இருந்த.