அம்முணி, தாடைக்கு அடியில பாத்தியா?

ஏனம்முணி, ஆர்.எஸ்.புரத்துல, டி.பி. ரோட்டுக்கு ரெண்டு சந்து தள்ளி தோல் டாக்டருன்னு போர்டு மாட்டிப்போட்டே. பேருக்குப் பின்னால எழுத்தெழுத்தா கூட்ஸ் வண்டியாட்டம் நீளுது. நெம்ப சந்தோசம். உன்ற அப்புச்சின்னு சொல்லியும் வெளியில இருக்கற புள்ள டோக்கன் போடச் சொல்லீருச்சு. போட்டுட்டு, கதவுச் சந்துல உன்ற வைத்தியத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தன். நாலு வார்த்தை சொல்லோணும், கோவிச்சுக்காத.

காலையில ஒருத்தரு வந்தாரே, மூஞ்சி செவந்து, தடிச்சு, மாட்டுத்தோலாட்டம். வெளக்கு வெச்ச பூதக்கண்ணாடியில கன்னத்தப் பாத்தே, வெயிலு ஒத்துக்கலேன்னே, களிம்பு எழுதீட்டே. தாடைக்கு அடியில பாத்தியா சாமி? வெயிலு மேலருந்து வுழுகுது. தாடைக்கு அடியில நெழலு, காதுக்குப் பொறகால நெழலு. கண்ணு முழிச்சிருக்கறப்ப மேல் ரெப்பை மடிஞ்சு உள்ள போயிருது. அங்கெல்லாம் தோலு நல்லாருந்தா வெயிலு மேல கேசு போடு. அங்கயும் செவந்து வெடிச்சு, கழுத்து மடிப்புலயும் முழங்கை மடிப்புலயும் கருத்துப் போயிருந்தா, அது காத்துல வந்த வெனை. வெயிலுக்குத்தான் நெழலு, காத்து பூராத எடமேது? அதுலயும் பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற ஆடிக் காத்துக்கு!

வரப்பு முச்சூடும் வெள்ளையாப் பூத்து நிக்குதே பார்த்தீனியம், அதுதான் ஆளு. மெக்சிகோப் பக்கத்துச் செடி. 1950-கள்ல புனே பக்கம் கண்ணுல பட்டுதாம். அமெரிக்கக் கோதுமை மூட்டையோட வந்துச்சுங்கறது பரவலாப் பேசறது. கோதுமை தின்னவன் எங்கியோ, சொறியறவன் தொண்டாமுத்தூர்ல. காஞ்ச செடித் தூசியில இருக்கற பார்த்தெனின் தோல்ல ஒக்காந்தாப் போதும். முதுகுல மருந்துப் பட்டை ஒட்டி, ரெண்டு நாளு கழிச்சு எடுத்துப் பாத்தா ருசுவாயிரும். இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு முழிக்கற பாரு! நீ மேல்படிப்புப் படிக்கறப்ப, லீவுல வந்து திண்ணையில ஒக்காந்து நீயே சொன்னதுதான். நீ மறந்துட்டே, நான் மறக்கலை. அந்த மனுசனுக்கு என்னமோ படம் காட்டினயே, "என்ன பண்ணையம், தோட்டத்துல களை வெட்டறது யாரு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெளக்கே வேண்டாம்.

அடுத்தாப்புல ஒரம்பரைக்காரம்மா. வெலாவுல கொயவரு செங்காவியில சிங்கம் எழுதியிருந்தத பாத்ததும் மொறச்சே. மொறைக்காத. அக்கின்னு கண்டுபுடிச்சதுல அந்தக் கொயவர் துளியும் தப்புப் பண்ணலை. ஒரு பக்கமாவே பட்டை கட்டி ஓடும், நடு முதுகுல கோடு கிழிச்சாப்புல நின்னுக்கும், எரியும், கொப்புளம் கொத்துக் கொத்தா இருக்கும். அவரு பூதக்கண்ணாடி இல்லாமயே பாத்துட்டாரு. சின்ன வயசுல வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேருல படுத்துத் தூங்கி, வயசான காலத்துல முழிச்சுக்குதுங்கறது மட்டும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் போட்டு 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாத்திரை உள்ள போனாத்தான் நல்லாக் கேக்கும். அந்தம்மா காவி காயட்டும், செவ்வாய் போகட்டும்னு அஞ்சு நாளு ஓட்டீட்டா. கொயவரத் திட்டறத வுட்டுப்போட்டு அவர ஒருக்கா போயிப் பாரு. "சிங்கத்த எழுதுங்க, எழுதின கையோட இக்கட்டால அனுப்பி வுடுங்க"ன்னு சொல்லு. உனக்கும் நாலு கேசு வரும்.

வெளுத்த தேமலோட ஒரு பையன் வந்தான். பஞ்ச வெச்சுத் தொட்டுப் பாத்தே. அது சரி. தொட்டது தெரியலேன்னா அது தேமலில்ல, தொழுநோய். ஆறு மாசமோ ஒரு வருசமோ சர்க்கார் மாத்திரை சும்மாவே கெடைக்கும். அந்த ஒரு எடத்துல உனக்கு முழு மார்க்கு.

இன்னொண்ணு. "இது விநோதமா இருக்குது, சதை எடுத்துப் பாக்கலாம்"னு மூணு பேருக்குச் சொன்னே. முக்காவாசி விநோதம், கெடுத்து வெச்ச படர்தாமரைதான் கண்ணு. ஓரத்துல செதிலு, நடுவுல தெளிவு, வட்டம். எங்க ஆத்தாளே சொல்லிப்போடுவா. மருந்துக்கடையில குடுக்கற மூணு மருந்து கலந்த களிம்பப் போட்டதும் அரிப்பு அடங்கும், வட்டம் கலைஞ்சு போகும், அடியில பூஞ்சைக்கு விருந்து நடக்கும். ஸ்டீராய்டோட வேலை அது. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்பச் சீட்டில்லாம விக்கப்படாதுன்னு 2018-லயே டெல்லியில எழுதி வெச்சாங்க. எழுதினது டெல்லிக்கு, வித்தது நமக்கு. வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு படைப் பூஞ்சைக்கு 2020-ல ஜப்பான்காரங்க இண்டோட்டினியேன்னு பேரு வெச்சாங்களாம். நம்ம நாட்டுப் பேரு! இந்தப் பெருமைய எந்த நோம்பிக்குக் கொண்டாடறது? அதனால கத்திய எடுக்கறதுக்கு முன்னால "என்ன போட்டீங்க, ட்யூப்பக் கொண்டாங்க"ன்னு கேளு. பொய்தான் சொல்லுவாங்க. ரெண்டாந்தரம் கேளு. அப்பறம் ஓரத்தச் சொரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வுட்டு நுண்ணோக்கியில பாரு.

சரி, கதவச் சாத்து. பதினேழாம் நம்பரு டோக்கன் நாந்தான். இடுப்புக் கயிறுக்குக் கீழ, வட்டம்னும் சொல்ல முடியாது, சதுரம்னும் சொல்ல முடியாது. மாசம் மூணாச்சு. என்ன போட்டீங்கன்னு கேக்க மாட்டியா? ஒண்ணும் போடலை.

ரெண்டாந்தரம் கேளு.

ம்... வேட்டி முடிச்சுல இருக்குது, எடுத்துக்க, நாலாவது ட்யூப்பு. உங்கம்மிச்சிகிட்ட வாயத் தெறந்துறாத அம்முணி. அவளும் அதையேதான் போடறா.