மின்பெட்டித் தேர்வில் சட்னியின் பங்கு: ஓர் ஆய்வு

இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில் பாறையைக் குடைந்து கட்டிய மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். முழுவீச்சில் ஓடினால் ஒரே நொடியில் 1,000 வாட்-மணி பேட்டரிப் பெட்டிகள் 216-ஐ நிரப்பிவிடும். இருந்தும் மழைக்காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பிமேல் சாய்ந்தால் மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் "கரண்ட் போச்சு" என்ற குரல்தான் கேட்கிறது. 1940-லேயே பள்ளிவாசலில் நீர்மின்சாரம் கண்ட மலையில், கையில் தூக்கிப்போகும் மின்பெட்டிக்கு மவுசு வந்தது இப்படித்தான்.

எதை வாங்குவது என்பதில் அறிஞர்கள் இரு கட்சி. சூரியநெல்லியில் ஜீப் ஏறி, குலுங்கிக் குலுங்கிக் கொழுக்குமலை சேர்ந்து கூடாரம் அடிப்போர் முதல் கட்சி. மூன்று நான்கு கிலோவில் 300 வாட்-மணிப் பெட்டி போதும் என்பது அவர்கள் வாதம். 1,000-க்குக் குறைந்தது பெட்டியே அல்ல, பத்துப் பன்னிரண்டு கிலோ கனத்தால் என்ன, வீட்டில்தானே இருக்கப்போகிறது என்போர் இரண்டாம் கட்சி. இரு சாராரும் சட்னியை மறந்தார்கள் என்பதே இவ்வாய்வின் துணிபு.

கூடாரத்துக்கென்று வாங்கிய பெட்டி, முதல் மின்வெட்டிலேயே சமையலறைக்கு அழைக்கப்படும். "ஏங்க, அந்த கேம்பிங் பெட்டில மிக்ஸி ஓடுமா?" என்ற வினாவிலிருந்து எந்த ஆய்வாளரும் தப்பியதில்லை. 750 வாட் மிக்ஸி மூன்று நிமிடம் ஓட 37.5 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்னும் பங்கையும் கூட்டினால், ஒரு சட்னி ஏறக்குறைய 43 வாட்-மணி. சின்னப் பெட்டியில் ஆறேழு சட்னி தேறவேண்டும். தேறுவதோ பூஜ்யம். அது ஒரே நேரத்தில் தரக்கூடியது 300 வாட் மட்டும். மிக்ஸியின் குமிழைத் திருகியதும் பெட்டி 'டிக்' என்று அணைந்துவிடும், தேங்காய் தேங்காயாகவே கிடக்கும். சேர்த்துவைத்தது வேறு, ஒரே மூச்சில் கொடுப்பது வேறு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் எண். சட்னிக்கு வேண்டியது இரண்டாவது.

பாலக்காட்டில் சட்னிக்கு முன் மின்விசிறி வரும். அங்கே ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பழைய 75 வாட் விசிறி எட்டு மணிநேரத்தில் 600 வாட்-மணி குடிக்கும், பி.எல்.டி.சி. விசிறியோ 240-இல் அடங்கும். ஆகவே அங்குள்ளோர் முதலில் மாற்றவேண்டியது விசிறியை. பெட்டிக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மூணாறுக்கு வேறொரு சிக்கல். ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் விடியலில் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெட்டுப்போகும். பெட்டியைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது கூடாரக் கட்சியின் அறிவியல்பூர்வமான வழக்கம்.

மாவு கிரைண்டர் 150 வாட்தான் என்றாலும் கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அரைமணிநேரமும் ஓடும். அது தனி ஆய்வேட்டுக்கு உரியது.