காதால் கார் ஓட்டுபவர்

பழைய கார் வைத்திருப்போருள் பல வகையினர் உண்டெனினும், தம் வண்டியின் உடல்நிலையைக் காதாலேயே அறிந்துவிட முடியும் என்று நம்பும் பெரியவரே கூர்ந்த ஆராய்ச்சிக்கு உரியவர். அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தாசில்தாராகவோ தலைமையாசிரியராகவோ இருப்பார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடன் போட்டு வாங்கிய டீசல் இண்டிகாவை, பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்த பின்னும் கைவிடாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்று பதிவைப் புதுப்பித்து வருவார். வண்டியில் ஏறியதும் அவர் செய்யும் முதல் காரியம் கண்ணாடிகளை இறக்குவது. அடுத்தது, பின்னிருக்கையில் பேசிக்கொண்டு வருபவர்களை, அவர்கள் சம்பந்தி வீட்டாராகவே இருந்தாலும், கையமர்த்துவது. அந்த அமைதியில் இரண்டு தெரு ஓட்டிய பிறகு, "டேப்பெட் கொஞ்சம் லூஸு" என்றோ, "வலது பக்கம் பேரிங் பேச ஆரம்பிச்சிருச்சு" என்றோ தீர்ப்பு வழங்குவார். அத்தீர்ப்புகளுள் பெரும்பாலானவை சரியாகவே அமைந்துவிடும் என்பதையும் நியாயம் கருதிச் சொல்லியாக வேண்டும்.

இச்செவிப்புலமை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சாலைகளை ஆண்ட காலத்தில் ஈட்டப்பட்டது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழலும் கிராங்க் தண்டும், காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டும் எப்போதும் ஒரே கணக்கில் இணைந்திருக்க வேண்டும். முன்னது இரண்டு சுற்றுச் சுற்றினால் பின்னது ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களின் மாறாத விதி. அப்பழைய வண்டிகளில் இவ்விணைப்பைக் காத்தது இரும்புச் செயின். அது தேய்ந்து தொய்ந்தால் கடகடவென்று ஒலித்து, ஓட்டுபவருக்கு மட்டுமன்றி டீக்கடையில் அமர்ந்திருப்போருக்கும் தன் முதுமையை அறிவித்துவிடும். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 என்னும் காரில் செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பட்டையைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவானது, எண்ணெய் கேட்காதது, ஓசையற்றது என்பதால் பிற நிறுவனங்களும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டன. இன்று மெக்கானிக்குகள் டைமிங் பெல்ட் என்று வழங்குவது இதனையே. ஓசையின்மை என்னும் அந்தப் பண்பினால் தம் காதின் அதிகார எல்லை சுருங்கிவிட்டது என்ற செய்தி மட்டும் பெரியவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மெக்கானிக் இதனை ஒவ்வொரு சர்வீஸிலும் தெரிவிக்க முயல்வதுண்டு. "சார், டைமிங் பெல்ட்டை மாத்திரலாமா?" என்று அவன் கேட்க, "சத்தம் ஏதாவது வருதா தம்பி?" என்று இவர் திருப்பிக் கேட்பார், அவன் இல்லை என்றதும், "அப்புறம் எதுக்கு?" என்பதோடு விவாதம் முடிந்துவிடும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரையாயினும், பெரியவர் அதில் கிலோமீட்டரை மட்டும் படித்து, வண்டி குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் தவிர வேறெங்கும் ஓடுவதில்லை என்று நிறுவிவிடுவார். நிற்கும் வண்டியிலும் ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விடும் என்பதோ, எண்ணெய்க் கசிவு பட்டால் அதன் ஆயுள் மேலும் குறையும் என்பதோ அவர் கணக்கில் சேர்வதில்லை. ஆயுத பூஜையன்று ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும்கூடச் சந்தனம் கிடைக்கிறது. மூடிக்குள் இருக்கும் பெல்ட்டுக்கு அந்த மரியாதையும் இல்லை.

ஆகவே அது நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டு நின்றுவிடும் குமாஸ்தாவைப் போல, முகூர்த்தத்துக்குப் போகும் வழியில், புறவழிச்சாலையின் நடுவில் அறுந்துவிடுகிறது. வண்டி ஒரு குலுக்கலோடு அடங்குகிறது. பெரியவர் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட இலகுவாக, ஏறக்குறைய உற்சாகமாகச் சுழல்கிறது. வால்வுகள் மூடாமல் நின்றுவிட்டதால் சிலிண்டருக்குள் காற்று அழுந்துவதில்லை என்பதும், எதிர்ப்பு இல்லாததாலேயே மோட்டார் அவ்வாறு பாய்கிறது என்பதும் அதன் பொருள். ஆனால் அறுபது ஆண்டு அனுபவம் பெற்ற அக்காது, "செல்ஃப் எவ்வளவு நல்லாச் சுத்துது பாருங்க, டீசல்தான் ஏறலை" என்று அறிவித்து, மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்ப வைக்கிறது. இத்தகைய பழைய டீசல் எஞ்சினில் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்த வேண்டியிருப்பதால், மேலே வந்து நிற்கும் பிஸ்டனுக்கும் தலைப்பகுதிக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. கணக்குத் தப்பித் திறந்து நிற்கும் வால்வின் மீது பிஸ்டன் மோதினால் வால்வு வளையும். எனவே ஒவ்வொரு திருப்பலும் மோதலைத் தொடர்வதேயாகும். இந்நிலையில் எங்கிருந்தோ நான்கு பேர் வந்து சேர்ந்து, இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாம் என்கின்றனர். சாலையோர உதவி என்னும் நற்பண்பு எஞ்சினுக்கு இவ்வளவு கேடு விளைவிக்கும் தருணம் வேறு இருக்க முடியாது.

பிறகு நடப்பவை ஊரறிந்தவை. வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்படுகிறது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். வால்வு, கைடு, ஹெட் கேஸ்கெட், டென்ஷனர் என்று சீட்டு நீள்கிறது. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு, காரின் சந்தை விலையோடு போட்டியிடத் தொடங்குகிறது. விற்றுவிடலாம் என்று மகன் தொலைபேசியில் சொல்லும் யோசனையை, அது உறவை முறித்துக்கொள்வதற்கு ஒப்பான பேச்சு என்ற முறையில் பெரியவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. செலவைவிட அவரை வருத்துவது, அந்தப் பெல்ட் ஒரு சிறு கீச்சொலிகூட எழுப்பாமல் இவ்வாறு செய்துவிட்டது என்பதுதான்.

வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபின் அவர் சாட்சிப் பொருளோடு கூடிய பிரச்சாரகர் ஆகிறார். அறுந்த பெல்ட்டை டிக்கியில் வைத்திருந்து, நூல் பிரிந்து பல் உதிர்ந்த இடத்தை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி, "உடனே மாத்துங்க" என்று வற்புறுத்துகிறார். தீபாவளிக்கு வந்த மருமகன், தம் பெட்ரோல் காரில் பெல்ட்டே கிடையாது, செயின்தான் என்று பணிவோடு விளக்க, பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ளை" என்கிறார். பானட்டின் அருகே குனிந்து கேட்டவரின் முகம் பல மாதங்களுக்குப் பின் மலர்கிறது. "செயின் தொய்ஞ்சிருக்கு. சத்தம் கேக்கலை?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது மாமா" என்று கூறிய மருமகன், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டின் ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறார்.