18,380 அடியும் ஒரு தட்டு மேகியும்

உலகத்தின் கோடிக்குப் போய்வரக் கோடியெல்லாம் தேவையில்லை, சில லட்சங்கள் இருந்தால் போதும் என்கின்றன சுற்றுலா விளம்பரங்கள். சைபீரியாவில் ஒய்மியாகோன் என்றொரு ஊர். ஜனவரியில் மைனஸ் 50 டிகிரி அங்கே சர்வசாதாரணம். எத்தியோப்பியாவில் டனகில் பள்ளம், கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே, உப்பும் கந்தகமுமாகக் கொப்பளிக்கிற இடம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனவர்கள் உயிரோடு திரும்பினால் புத்தகம் எழுதினார்கள். இப்போது 'காலைச் சிற்றுண்டி உட்பட' என்று போட்டிருக்கிறார்கள்.

என் மைத்துனனுக்கு இந்த விளம்பரங்களைப் படிக்கிற வியாதி உண்டு. தனியாக அனுபவிக்காமல் குடும்பத்துக்கும் தொற்றவைப்பான். பாஸ்போர்ட் இல்லாத அக்கா, துணிச்சல் இல்லாத மாமா, இரண்டு பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அவன் தேர்ந்தெடுத்த இடம் லடாக்கின் கர்துங் லா கணவாய்.

"உலகத்துலேயே உயரமான மோட்டார் ரோடு மாமா! 18,380 அடி! போர்டே வச்சிருக்கான்!"

போர்டு இருந்தது உண்மைதான். ஆனால் ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்கள் 5,359 மீட்டர்தான் என்கிறார்கள். அதாவது 17,582 அடி. நடுவில் 800 அடியை யார் முழுங்கினார்கள் என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு அதே லடாக்கில் உம்லிங் லா என்ற இடத்தில் 19,024 அடியில் ரோடு போட்டு, 2021-ல் கின்னஸிலும் ஏற்றிவிட்டார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "போட்டோவுல அதெல்லாம் தெரியாது மாமா" என்றான். தெரியாதுதான்.

கிளம்புமுன் எங்கள் டாக்டர், மலை உயரத்துக்கு உடம்பு பழகுவதற்காக டயமாக்ஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இது விரல் நுனிகளில் குறுகுறுப்பை உண்டாக்கும். அடிக்கடி ஒதுங்கவும் வைக்கும். கூடவே, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். என் நினைவில், நாங்கள் போய் இறங்கிய லே நகரத்தின் வரைபடம் முழுவதும் கழிப்பறைகளால் ஆனது.

இந்த மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு. சோடா, கோலா எதைக் குடித்தாலும் கேஸ் போன தண்ணீர் மாதிரிதான் இருக்கும். மைத்துனனுக்கு இது தெரியாது. லே கடைத்தெருவில் ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தவன், பழைய சரக்கு என்று கடைக்காரரிடம் தமிழும் இந்தியும் கலந்து எகிறினான். அவர் இன்னொரு பாட்டிலைக் கொடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு அவர் நிதானமாக, "டயமாக்ஸ்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். எத்தனை மைத்துனர்களைப் பார்த்த கண்களோ!

லே 3,500 மீட்டர் உயரம். இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஓடியாடக் கூடாது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்கிறார்கள். சாகசப் பயணம் என்று பணம் வாங்கிக்கொண்டு படுக்கச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. விடுதிக்காரர் வந்து விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். எனக்கு 84, மைத்துனனுக்கு 88. கொரோனா காலத்தில் 84 என்றால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். இங்கே, "நார்மல் சார், டீ குடிங்க" என்பதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனார். மைத்துனன் மட்டும் 88-ஐப் பரீட்சை மார்க்காக ஊருக்கு போன் போட்டுச் சொன்னான்.

லேயிலிருந்து கணவாய்க்கு 39 கிலோமீட்டர்தான். எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட ரோடு. வழியெல்லாம் அவர்கள் எழுதிவைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகைகளில் எதுகை மோனைக்குக் குறைவில்லை. எழுதியவர் நம்மூரில் பிறந்திருந்தால் சினிமாவுக்குப் பாட்டெழுதப் போயிருப்பார். தார் முடிந்து கல்லும் சேறுமாக இருந்த ஒரு வளைவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருக்கையில் உட்கார்ந்தபடியே எனக்கு மூச்சு வாங்கிற்று. அவர்கள் மண்வெட்டி பிடித்திருந்தார்கள். எங்கள் லடாக்கி டிரைவர் எதிரே வந்த ராணுவ லாரிக்கு ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்து வழிவிட்டு, இன்னொரு கையால் பாட்டை மாற்றினார். பின்சீட்டில் மைத்துனன் போனைப் பார்த்து, "நண்பர்களே, உயிரைப் பணயம் வைத்து..." என்று பேசிக்கொண்டிருந்தான். யாருடைய உயிர், யாருடைய பணயம் என்று கேட்க நினைத்தேன். வாய் உலர்ந்திருந்தது.

எங்கேயும் இதுதான் ஏற்பாடு: பாடு ஒருவருக்கு, பெருமை இன்னொருவருக்கு. 2019 மே மாதம் எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே மலையேற்ற வீரர் நிர்மல் புர்ஜா எடுத்த ஒரு படம் உலகமெல்லாம் சுற்றியது. கலர் கலராக உடை போட்டுக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நிற்கிறார்கள். திருப்பதி தர்ம தரிசன க்யூவேதான், லட்டு மட்டும் இல்லை. அதில் நிற்க நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணமே இப்போது 15,000 டாலர். ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவியில் முன்கூட்டியே போய் ஏணி கட்டிக் கயிறு போடுகிறவர்கள் ஷெர்ப்பாக்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சுமப்பவர்களும் அவர்களே. காமி ரீட்டா ஷெர்ப்பா 30 தடவைக்கு மேல் உச்சிக்குப் போயிருக்கிறார். அவருக்கு அது டூட்டி. ஒரே ஒரு தடவை போனவர்தான் கம்பெனி கம்பெனியாகச் சென்று தன்னம்பிக்கை உரை ஆற்றுகிறார்.

கர்துங் லா உச்சியிலும் க்யூ இருந்தது. போர்டைத் தொட்டபடி படம் எடுக்க. பைக்கில் வந்த ஒரு கோஷ்டி போர்டை விட்டு நகரவே இல்லை. காத்திருந்த புதுமணத் தம்பதிக்கு அங்கேயே முதல் சண்டை தொடங்கியது. காற்றில் பாதி ஆக்ஸிஜன்தான் என்பதால் அதுவும் சீக்கிரம் முடிந்தது. அதிக நேரம் இருக்கக் கூடாது என்று டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார். அதற்குள் மைத்துனன் மேகி சொல்லிவிட்டான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் எதுவும் லேசில் வேகாது. இரண்டு நிமிடம் என்று பாக்கெட்டில் அச்சடித்தவர்கள் இங்கே வந்ததில்லை போலும். நடுவில் நறுக்கென்றிருந்த நூடுல்ஸை அவன் கண்மூடி ரசித்துத் தின்று, கீழே இறங்கும் வழியில் மூன்றாவது வளைவில் திருப்பிக் கொடுத்தான்.

அத்துடன் தெளிவான் என்று நம்பினோம். போன வாரம் வந்து, "அடுத்தது அண்டார்டிகா மாமா" என்றான். அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கப்பல், டிரேக் ஜலசந்தியைக் கடக்கவே இரண்டு நாள். விதிமுறைகளையும் கொண்டுவந்திருந்தான். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அதுவாக எதிரே வந்தால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

அவன் போனதும் மனைவியிடம், "இந்த 5 மீட்டர் விதி உன் தம்பிக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன்.

"அஞ்சு பத்தாதுங்க" என்றாள்.